மலைமேல் தக்காளிச் சாஸ் செய்யும் முறை: கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டு நிலமாகும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே வண்டிகள் மேலேற வேண்டும். மிளகு, காப்பி, அன்னாசி, பலா, வாழை, மரவள்ளி, சாமை, தினை முதலியவையே இம்மலைக்குப் பேர்போன விளைபொருள்கள். தக்காளி இங்குப் பெரும்பயிர் அன்று. வீட்டுத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் ஓரளவு விளைவது. ஆயினும், அழுகக்கூடிய எந்தப் பண்டத்தையும் வளைந்த மலைப்பாதையில் இறக்கி விற்கும் குடியானவனுக்குள்ள கஷ்டம் தக்காளிக்கும் உண்டு. பழம் மிகுந்து வரும் நாளில் விலை இராது; விலை ஏறும் நாளில் பழம் இராது.

இக்கஷ்டம் மலைக்கு மட்டும் உரியதன்று. பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் முதலிய சந்தைகளை நம்பிப் பயிரிடுவோர், விலை சரிந்த காலங்களில் பறிகூலிக்கும் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டதும், சாலையோரத்தில் கொட்டியதும் பலரும் கண்டவை. இதற்கு நேர்மாறாக, 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்பொழுது தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறை, பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னையில் சில நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றுப் பொதுமக்களின் சங்கடத்தை ஓரளவு தணித்தது. ஒரே பண்டம் ஒரு பருவத்தில் எருவாகவும் மறு பருவத்தில் அரும்பொருளாகவும் இருக்கும்போது, மிகுந்த நாளில் அதைப் பத்திரப்படுத்தும் வழியை அறிந்திருத்தல் குடும்பத்திற்கும் சங்கத்திற்கும் நன்மை தரும். அவ்வழிகளுள் எளியது சாஸ் காய்ச்சுதல். அதனை அபாயமின்றிச் செய்வது எப்படி என்பதே இப்பாடம்.

1. பழமும் அதன் வரலாறும்

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. பின்னர் ஐரோப்பியர் வழியாகவே நம் நாட்டிற்கும் வந்தது. தமிழில் தக்காளி என்னும் பெயர் இங்கு முன்னரே இருந்த சிறு செடிகளுக்கு வழங்கியது. மணத்தக்காளி என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்று. ஆகையால் கடல் கடந்து வந்த பெரிய பழத்தை நம் முன்னோர் சீமைத்தக்காளி என்றனர். இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690களில் வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாஸ் ஒன்றின் செய்முறை காணப்படுகிறது. கோதுமை ரவையால் செய்யும் பாஸ்தாவோடு இச்சாஸைச் சேர்த்துண்ணும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் அங்கு வேரூன்றியது. இன்று நம் நகரங்களிலும், மலைக்கு வரும் பிரயாணிகளின் உணவிலும் பாஸ்தா இடம்பெற்றுவிட்டது.

கடையில் விற்கும் கெட்சப்பும் இச்சாஸும் ஒன்றென மயங்கலாகாது. கெட்சப் சர்க்கரையும் காடியும் மிகுதியாகச் சேர்த்த தொடுகறி. இங்குக் கூறப்படும் சாஸோ பழத்தின் சதையே பிரதானமாய் உள்ளது. உணவோடு கலந்துண்ண வேண்டியது.

சாஸுக்குச் சதைப்பற்று மிகுந்து, நீரும் விதையும் குறைந்த பழமே ஏற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.1 என்னும் இரகம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் பயிராகிறது. எந்த இரகமாயினும் செடியிலேயே நன்கு சிவந்த, கெட்டியான பழத்தைக் கொள்ளவேண்டும்.

2. எப்பழம் ஆகாது

சாஸ்தானே, அழுகலை அரிந்தெறிந்துவிட்டு மீதியைப் போட்டால் என்ன என்று எண்ணுவோர் உண்டு. இவ்வெண்ணம் தவறானது. தக்காளியைக் காக்கும் காவலாளி அதிலுள்ள புளிப்பே. அழுகலும் பூசணமும் கண்ட பழத்தில் அப்புளிப்புக் குறைந்துவிடும். மிதமிஞ்சிக் கனிந்த பழத்திலும், பட்டுப்போன செடியில் தொங்கும் பழத்திலும் அவ்வாறே. அன்றே சமைத்துண்பதற்குச் சற்றுக் கனிந்த பழம் உதவும். புட்டியில் அடைக்க உதவாது. அழுகிய பழம் எருக்குழிக்கு உரியது. சங்கத்தின் அண்டாவிற்கு உரியதன்று.

3. அன்றாட உபயோகத்திற்குச் சாஸ்

நால்வர் உள்ள குடும்பத்திற்கு வேண்டியவை: பழுத்த தக்காளி 1 கிலோ, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பூண்டு 4 அல்லது 5 பல், நடுத்தர வெங்காயம் 1, உப்பு 1 தேக்கரண்டி, திருநீற்றுப்பச்சிலை ஒரு பிடி. இத்தாலியர் ஒலிவ எண்ணெய் வார்ப்பர். அது கிடையாதவிடத்துக் கடலை எண்ணெய் போதும். அவர்கள் சேர்க்கும் பேசில் என்னும் வாசனைத் தழையின் இனமே நம் திருநீற்றுப்பச்சிலை. சப்ஜா விதை தருவதும் அதுவே. ஆகையால் அதனைத் தேடி எங்கும் செல்ல வேண்டுவதில்லை.

முதலாவது, ஒவ்வொரு பழத்தின் அடியிலும் கத்தியால் குறுக்காகக் கீறிக் கொதிநீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் இடவேண்டும். தோல் தானே கழன்றுவிடும். காம்படியிலுள்ள கடினப் பகுதியை நீக்கிச் சதையை நறுக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, அகன்ற பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, பொடியாக அரிந்த வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்க வேண்டும். அது கண்ணாடிபோல் ஆனபின் நசுக்கிய பூண்டைச் சேர்க்கலாம். பூண்டு கருகினால் சாஸ் முழுதும் கசக்கும். ஆகையால் தீயில் கவனம் வேண்டும்.

மூன்றாவது, தக்காளியையும் உப்பையும் இட்டு, மூடாமல், 30 முதல் 40 நிமிடம் வரை மெல்லக் கொதிக்கவிட வேண்டும். அடிப்பிடியாதபடி மரக்கரண்டியால் அடிக்கடி கிளறுதல் அவசியம். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் கோடு கிழித்தால் அக்கோடு கணநேரம் மூடாமல் நிற்பதே பக்குவம். புளிப்பு மிகுந்திருப்பின் ஒரு சிட்டிகை வெல்லம் சேர்க்கலாம். இறக்கும்போது தழையைக் கிள்ளிப் போட்டால் மணம் கெடாது.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளிப்புப் பண்டத்தைக் காய்ச்சினால் களிம்பு ஏறி உடலுக்குக் கேடு தரும். அலுமினியமும் புளிப்பால் அரிக்கப்படும். எவர்சில்வர் பாத்திரமே சிறந்தது.

இவ்வாறு செய்த சாஸைக் குளிர்சாதனப் பெட்டி உள்ளவர் மூன்று நான்கு நாள் வைத்துண்ணலாம். அவ்வசதி இல்லாதவர் அன்றே தீர்த்துவிடல் வேண்டும்.

4. பாஸ்தாவும் சாமைச் சேவையும்

உலர்ந்த பாஸ்தா ஒருவருக்கு 100 கிராம் என்று கணக்கிட்டு, 100 கிராமுக்கு 1 லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் கொள்வது வழக்கம். நீர் தளதளவென்று கொதித்தபின் பாஸ்தாவை இடவேண்டும். பொட்டணத்தில் அச்சிட்டுள்ள நேரத்தைவிட மலைமேல் சில நிமிடம் கூடுதலாகும். அதன் காரணம் அடுத்த பகுதியில் விளங்கும். வெந்த நீரில் ஒரு கிண்ணம் எடுத்துவைத்துக்கொண்டு மீதியை வடித்து, பாஸ்தாவைச் சாஸில் இட்டு, அந்நீரைச் சிறிது தெளித்துக் கிளறினால் சாஸ் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

பாஸ்தாவே வேண்டும் என்ற நியதி இல்லை. கொல்லிமலையின் பழந்தானியங்களான சாமை, தினை, கேழ்வரகு மாவுகளில் பிழிந்த சேவையோடும் இச்சாஸ் இயைந்து நிற்கும். மரவள்ளிப் பயிர் பரவியதால் இம்மலையில் சிறுதானியப் பரப்புச் சுருங்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குப் பணிபுரிந்து, தானியம் குற்றும் யந்திரங்களைச் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்புவித்து, மாவும் ரவையும் செய்து விற்கும் வழியைக் காட்டியது. கைக்குற்றலின் பெருஞ்சிரமமே சிறுதானியத்தைக் கைவிடச் செய்த காரணங்களுள் ஒன்று. அச்சிரமம் தணிந்தபின் அத்தானியத்திற்கு அடுப்பங்கரையில் மீண்டும் இடம் கிடைத்தது. புதுவகைத் துணைக்கறி ஒன்று சேருமாயின் இளைஞரும் குழந்தைகளும் அதனை விரும்பி உண்பர். தக்காளியில் வைட்டமின் சி சத்து உண்டு. அதன் செந்நிறப் பொருளான லைக்கோப்பீன், எண்ணெயோடு சமைக்கும்போது உடலில் நன்கு சேரும்.

5. மலையின் உயரமும் நீரின் கொதிநிலையும்

நீர் 100 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் கொதிக்கும் என்று பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. அது கடல் மட்டத்திற்கே பொருந்தும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை தாழும். 1200 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகை எரித்தாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்குமேல் சூடேறாது. பருப்பு மலைமேல் தாமதமாக வேகும் காரணமும் இதுவே.

பருப்பு வேகாவிடில் நாக்கு உணர்ந்துகொள்ளும். புட்டியிலுள்ள கிருமி சாகாவிடில் எவரும் உணரார். ஆகையால் சேந்தமங்கலத்தில் பின்பற்றும் கால அளவை அப்படியே செம்மேட்டில் பின்பற்றலாகாது. ஒரு லிட்டர் வரை கொள்ளும் புட்டிகளைக் கொதிநீரில் வைக்கவேண்டிய நேரம் வருமாறு:

300 மீட்டர் வரை உயரமுள்ள ஊர்களில் 40 நிமிடம்.
300 முதல் 900 மீட்டர் வரை 45 நிமிடம்.
900 முதல் 1800 மீட்டர் வரை 50 நிமிடம்.

கொல்லிமலை மேட்டு நிலம் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது. அங்கே 50 நிமிடத்திற்கு ஒரு நிமிடமும் குறைத்தல் கூடாது.

6. புட்டியில் அடைத்து வைத்தல்

உணவைப் புட்டியிலிட்டு மூடிக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை நிக்கோலாஸ் அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1810இல் நூலாக வெளியிட்டார். கிருமிகளே கெடுதலுக்குக் காரணம் என்பது அக்காலத்தில் தெளிவாகவில்லை. ஆயினும் முறை பலித்தது. இன்று காரணமும் தெரியும்; ஆகையால் தவறுவதற்குச் சாக்கில்லை.

புட்டியில் அடைக்கும் சாஸில் எண்ணெய், வெங்காயம், பூண்டு, தழை எதுவும் சேர்க்கலாகாது. தக்காளி மட்டுமே அடைக்கப்பட வேண்டும். காரணம் என்னவெனில், மண்ணில் வாழும் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துக்கள் கொதிநீரிலும் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடத்தில் அவை முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு நரம்புகளைச் செயலறச் செய்து மூச்சை நிறுத்தவல்லது. அது கலந்த பண்டத்தில் வாசனையிலோ ருசியிலோ வேறுபாடு தோன்றாமலும் இருக்கலாம். புளிப்பு மிகுந்தவிடத்தில், அதாவது பி.எச். அளவு 4.6க்கு மேற்படாதவிடத்தில், அவ்வித்துக்கள் முளைப்பதில்லை. தக்காளியின் புளிப்போ இவ்வெல்லைக்கு மிக அருகில் நிற்பது. சில பழங்களில் எல்லையைத் தாண்டியும் விடும். வெங்காயமும் பூண்டும் புளிப்பற்றவை. அவற்றைச் சேர்ப்பது காவலாளியை உறங்கச் செய்வதற்கு ஒப்பாகும். இவற்றைச் சமைக்கும் நாளில் தாளித்துச் சேர்த்துக்கொண்டால் ருசியும் குறையாது, அபாயமும் இராது.

செய்முறை: 10 கிலோ தக்காளியைக் கழுவி நறுக்கி உடனுக்குடன் சூடேற்ற வேண்டும். நறுக்கி நெடுநேரம் வைத்தால் சதையும் நீரும் பிரிந்து சாஸ் நீர்த்துப்போகும். மென்மையானபின் சல்லடையில் தேய்த்துத் தோலையும் விதையையும் நீக்கி, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். 10 கிலோ பழத்திற்கு ஏறக்குறைய 3 லிட்டர் கெட்டிச் சாஸ் கிடைக்கும். அது 6 அரை லிட்டர்ப் புட்டிகளுக்குக் காணும்.

கீறலும் விரிசலும் இல்லாத கண்ணாடிப் புட்டிகளைச் சோப்பிட்டுக் கழுவிச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். மூடிகள் புதியனவாகவும் உட்புறத்தில் மெழுகுவளையம் சிதையாதனவாகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு அரை லிட்டர்ப் புட்டியிலும் முதலில் சிட்ரிக் அமிலம், அதாவது கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்பது, கால் தேக்கரண்டியும் சற்றுக் கூடுதலும் இடவேண்டும். ஒரு லிட்டர்ப் புட்டிக்கு அரைத் தேக்கரண்டியும் சற்றுக் கூடுதலும். தேக்கரண்டி என்பது 5 மில்லி லிட்டர் கொள்ளும் அளவுக்கரண்டி. கைக்குக் கிடைத்த கரண்டியன்று. தோட்டத்து எலுமிச்சையின் புளிப்புப் பழத்திற்குப் பழம் மாறுபடும். ஆகையால் அதனை இக்காரியத்திற்கு நம்பலாகாது. அமிலத்தைத் தனியே கரைத்து அண்டாவில் ஊற்றினால் எல்லாப் புட்டிக்கும் சமமாகச் சேர்ந்ததா என்பது தெரியாது. புட்டிதோறும் இடுவதே முறை.

பின் கொதிக்கும் சாஸை வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பி, வாயைத் துடைத்து, மூடவேண்டும். அண்டாவின் அடியில் மரச்சட்டமோ மடித்த துணியோ இட்டு, அதன்மேல் புட்டிகளை ஒன்றோடொன்று மோதாமல் நிறுத்தி, மூடிக்கு மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நிற்கும்படி வெந்நீர் ஊற்ற வேண்டும். நீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கியபின்பே நேரத்தைக் கணக்கிடல் வேண்டும். நடுவே கொதி அடங்கினால், மீண்டும் கொதி வந்தபின் 50 நிமிடத்தையும் முதலிலிருந்தே எண்ண வேண்டும். ஆகையால் அடுப்பு மூட்டுமுன் போதிய விறகு அருகில் இருத்தல் அவசியம்.

புட்டிகளை எடுத்துத் துணிமேல் வைத்துக் காற்று வீசாத இடத்தில் ஆறவிட வேண்டும். மறுநாள் மூடியின் நடுப்பகுதி உட்குழிந்திருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் ஏறி இறங்கக் கூடாது. அவ்வாறு பிடிக்காத புட்டியைக் குளிரில் வைத்து இரண்டொரு நாளில் உண்டுவிடலாம். நன்கு பிடித்தவற்றில் தேதி எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஓர் ஆண்டிற்குள் உபயோகிக்க வேண்டும். பின்னர் மூடி உப்பியிருந்தாலும், கசிந்திருந்தாலும், திறக்கும்போது சீறினாலும் அதனை ருசி பார்ப்பதும் கூடாது. மனிதரும் கால்நடையும் அணுகாதபடி புதைத்துவிடல் வேண்டும்.

7. சங்கம் கவனிக்க வேண்டியவை

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்குப் பின் திரூரில் முதற்சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து, நம் சங்கங்களின் மூலதனம் நாணயமே. மலைவாழ் மக்களுக்கென அமைந்த பெரும் பன்னோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அதுவே ஆதாரம். ஒரு குடும்பம் தவறாக அடைத்த ஒரு புட்டி, சங்கத்தின் பெயர் தாங்கிய எல்லாப் புட்டிகளையும் சந்தேகத்திற்கு உள்ளாக்கும். ஆகையால் விற்பனைக்குச் செய்வது பல வீடுகளில் தனித்தனியாக அன்றி, ஒரே இடத்தில், பழகிய சிலரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். நாள், பழத்தின் எடை, அமிலத்தின் அளவு, கொதி தொடங்கிய நேரம், இறக்கிய நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். விற்பனைக்கு முன் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெறுதலும், சட்டம் கேட்கும் விவரங்களோடு சீட்டு ஒட்டுதலும் கடமையாகும்.

கணக்கையும் முன்னரே பார்த்தல் நலம். உதாரணமாக, கிலோ 10 ரூபாயாயின் 10 கிலோவுக்கு 100 ரூபாய். 6 புட்டிகள் தேறினால் ஒரு புட்டிக்குப் பழச்செலவு ஏறக்குறைய 17 ரூபாய். கிலோ 60 ரூபாயாயின் அதுவே 100 ரூபாய் ஆகிவிடும். இதன்மேல் புட்டி, மூடி, அமிலம், விறகு, கூலி, மலையிறக்கும் வண்டிக்கூலி, உடையும் புட்டியின் நஷ்டம் ஆகியன சேரும். எனவே விலை உயர்ந்த நாளில் பழத்தைப் பழமாகவே விற்பதும், விலை வீழ்ந்த நாளில் மட்டும் அண்டாவை ஏற்றுவதும் விவேகம். சில வாரங்களே நடக்கும் வேலைக்குக் கடன் வாங்கிப் பெரிய யந்திரம் வைப்பது, தக்காளிக்கு வந்த நஷ்டத்தைச் சங்கத்திற்கு மாற்றுவதேயாகும். முதல் ஆண்டில் அங்கத்தினர் தம் வீட்டுத் தேவைக்குச் செய்து பழகி, ஓராண்டு வைத்துப் பார்த்து, பிறகு விற்பனையைப் பற்றி ஆலோசிப்பது உத்தமம்.

8. சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஆண்டில் நம் ஊரில் எந்த மாதத்தில் எந்த விளைபொருள் வீணாயிற்று? அதன் எடை ஏறக்குறைய எவ்வளவு?
2. நம் ஊரின் உயரம் என்ன? அதற்குரிய கொதிநேரத்தை ஒவ்வொரு வீட்டாரும் அறிவரா?
3. புட்டியிலிடும் சாஸில் பூண்டு சேர்க்கலாகாது என்பதன் காரணத்தை, பாடத்தைப் பாராமல் சொல்லவல்ல அங்கத்தினர் எத்தனை பேர்?
4. அளவுக்கரண்டி, கடிகாரம், பதிவேடு மூன்றும் சங்கத்தில் உளவா?

மூன்றாம் வினாவிற்கு அடுப்பின் அருகே நிற்கும் ஒவ்வொருவரும் விடை சொல்லும் நாளில்தான் அச்சங்கம் விற்பனைக்கு முதல் புட்டியை அடைக்கத் தகுதி பெறும்.